பலவேசம் தும்மிய தெரு

இதை நான் நேரில் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் சண்முகக்கனி சொன்னாள். அவளும் பாதியைத்தான் பார்த்தாள்; மீதியை அவள் அம்மா பிச்சம்மா போனில் சொல்லக் கேட்டாள். அம்மா வாயில் ஒரு விஷயம் நுழைந்தால் கொஞ்சம் வளர்ந்துதான் வெளியே வரும் என்று சண்முகக்கனியே ஒப்புக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நான் எழுதியதில் தப்பு இருந்தால் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அதனால் கேட்டதைக் கேட்டபடி வைக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் நானே போய்ப் பார்த்து வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குருவிப்பட்டி மேலத்தெருவில் மாவு மில் வைத்திருந்த பலவேசம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அறுபது வயதுக்கு இரண்டு மாதம் குறைவு. முப்பது வருஷம் அந்தத் தெருவின் மிளகாயையும் மல்லியையும் கோதுமையையும் அரைத்தவர். அவ்வளவு மிளகாய்த் தூசியிலும் மில்லுக்குள் ஒரு தடவைகூடத் தும்மியதில்லை. வெளியே வந்தால்தான் தும்முவார், அதுவும் யாராவது எங்காவது கிளம்பும் நேரம் பார்த்துத்தான் தும்முவார், அதுவும் ஒரே ஒரு தடவைதான். கிணற்றிலிருந்து நிறைந்த வாளியை இழுப்பது மாதிரி ஒரு மூச்சு மேலே மேலே ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு வெடிக்கும். அடுக்களையில் பாத்திர மூடிகள் அதிரும், தெருமுனையில் படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும், கடைசியில் "யப்பா" என்று அவரே தனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்வார்.

கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரும்ப உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இரட்டையாகத் தும்மினால் நல்ல சகுனம், தாராளமாகப் போகலாம். ஆனால் பலவேசத்துக்கு இரண்டாவது தும்மல் வந்ததே இல்லை. பள்ளிக்கூடம் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று அந்தத் தெருவில் வெளியே கிளம்புகிற யாரும் பத்து நிமிஷம் முன்னாலேயே செருப்பு மாட்டினார்கள். பலவேசத்தின் தும்மலுக்கு நேரம் ஒதுக்கி வைப்பது அவர்களுக்குச் செருப்பு மாட்டுவதைப் போலவே ஆகிவிட்டிருந்தது.

அவர் இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க வந்த அவருடைய சித்தி மகள் ஆவுடை, பாயில் முக்கால் மணி நேரம் இருந்து, "தெய்வம் மாதிரி மனுஷன்" என்று நாலு தடவை சொல்லி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். அப்படிப் பேசாமல் அவள் வாசல்படியில் கால் வைத்தபோது, உள்ளே, அவருடைய சட்டை இன்னமும் தொங்கிக்கொண்டிருந்த ஆணிக்குப் பக்கத்திலிருந்து, மூச்சு மேலே மேலே ஏறி, ஒரு கணம் நின்று, வெடித்தது. அடுக்களையில் மூடிகள் அதிர்ந்தன. நாய் இடம் மாறிப் படுத்தது.

"சே, இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கெடையாது" என்றபடி ஆவுடை திரும்பி வந்து உட்கார்ந்தாள். "தண்ணி குடு, கோமு."

பலவேசத்தின் மனைவி கோமு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதிச் செம்பு குடித்த பிறகுதான் ஆவுடைக்கு நினைவு வந்தது.

"ஏட்டி, அவன் செத்துல்லா போனான்?"

"ஆமா மைனி" என்றாள் கோமு.

"அப்போ தும்மினது?"

"வேற யாரு இப்படித் தும்முவா?"

ஆவுடை யோசித்துப் பார்த்தாள். அது சரிதான் என்று பட்டது. மீதித் தண்ணீரையும் குடித்தாள். தண்ணீர் உள்ளே போனதும், தெய்வம் என்று ஏற்கெனவே நாலு தடவை சொல்லியாகிவிட்டது, சொல்ல வேறு ஒன்றும் இல்லை, ஆனால் உட்கார்ந்தாகிவிட்டது. அதனால் உள்ளதைச் சொன்னாள். சின்ன வயதில் தீபாவளிக்கு வைத்திருந்த அதிரசம் முழுவதையும் பலவேசம் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டதையும், அந்தப் பூனையைச் சாக்கில் கட்டிக் குளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டதையும், அதன் பிறகு ஒரு மாதம் அவன் தினமும் தன் சோற்றில் பாதியை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிப் போய் அந்தப் பூனையிடம் மன்னிப்புக் கேட்டு வந்ததையும் சொன்னாள். பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்தினார்கள், பொத்தியதால் இன்னும் சிரித்தார்கள். ஆவுடை எழுந்து போனாள். இந்தத் தடவை தும்மல் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த எவரையும் பலவேசம் லேசில் விடவில்லை.

தெரு அதை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கவில்லை. தண்ணீர்க் குடம் ஒன்று போதாமல் மூன்றானது. செம்பு போதாமல் ஆளாளுக்கு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்தார்கள். சிலர் தப்பிக்கவும் பார்த்தார்கள். ஒருவர் வெற்றிலை எச்சிலைத் துப்பப் போகிற மாதிரி எழுந்தார், ஒருவர் குத்தவைத்தபடியே வாசல்வரை நகர்ந்தார், ஒருவர் அடுக்களைக் கதவு வழியாகப் போய்ப் பார்த்தார். பலவேசம் எல்லோருக்கும் சரியாகத் தும்மினார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் பால்துரை சார், சத்தம் என்றால் அது எங்கிருந்தாவது புறப்பட்டாக வேண்டும் என்று சொல்லி, ஆணியையும் சட்டையையும் சுவரையும் தட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, "சமுதாயத்துக்கே தூணாக விளங்கியவர்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். தும்மல் வந்தது. சார் உட்கார்ந்தார்.

"தண்ணி குடிங்க சார்" என்றாள் பிச்சம்மா. பக்கத்து வீட்டுக்காரி, பலவேசத்தை அண்ணன் என்று கூப்பிட்டவள். "குடிச்சுட்டு உள்ளதச் சொல்லுங்க. தூணு கீணுன்னா விடமாட்டாவ."

சார் குடித்துவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்தார். பிறகு, "பாடுவாருல்லா" என்றார் தாழ்ந்த குரலில்.

வீடே நிமிர்ந்தது. ஏனென்றால் அது தெரு முழுக்க முப்பது வருஷமாகக் காத்த ரகசியம். மோட்டார் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நம்பிப் பலவேசம் மில்லுக்குள் வாய்விட்டுப் பாடுவார். மாவு அரைக்க வெளியே வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும். ராகம் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போகும். ஆனால் ஒருவர்கூட ஒரு நாளும் அவரிடம் கேட்கிறது என்று சொன்னதில்லை, சொன்னால் நிறுத்திவிடுவாரே என்று. "என் கல்யாணத்துக்கு முந்துன நாளு அரிசி மாவு அரைக்கப் போயி அதக் கேட்டேன்" என்றார் சார். "கையி காலெல்லாம் நடுங்கிக்கிட்டு நின்னவன். அதக் கேட்டு சிரிச்சதுல பயமெல்லாம் போயிட்டு." பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, பால்துரை சார் அந்தப் பாட்டை அதே தப்போடு பாடிக் காட்டினார். தப்பான இடத்தில் தப்பாக இழுக்க எல்லோருக்குமே தெரிந்திருந்தது. சேர்ந்து இழுத்தார்கள்.

சார் கடைசியில் நோட்டில் எழுதியது இதுதான் என்று சண்முகக்கனி சொல்கிறாள்: முதலில் சொல்வதற்குத் தும்மல் வரும், இரண்டாவதாகச் சொல்வதற்கு வராது, இரண்டாவதையும் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்தால் மறுபடியும் வரும்.

பிச்சம்மாவுக்கு மூன்று தடவை வந்தது. அண்ணன் தங்கம் என்றாள், தும்மினார். அண்ணன் பத்தரை மாற்றுத் தங்கம் என்றாள், இன்னும் பலமாகத் தும்மினார். "சரி, சொல்லிருதேன், போதுமா?" என்று சட்டையைப் பார்த்துக் கத்திவிட்டு உட்கார்ந்து சொன்னாள். மிளகாய் அரைத்த கையோடு அவர் அவளுடைய மஞ்சளையும் அரைத்துக் கொடுத்துவிட்டார். அதைப் பூசிக் குளித்த சண்முகக்கனியின் முகம் தக்காளிப்பழம் மாதிரி ஆகிவிட்டது. பிச்சம்மா நடுத்தெருவில் நின்று, "ஒம்ம மூக்கு அழுகிப் போவ" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் விடிந்ததும் பலவேசம் ஒரு கிண்ணத்தோடு வந்தார். மெஷினை நம்பாமல் அம்மியில் தன் கையாலேயே அரைத்த மஞ்சள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "தும்முத மூக்கும்மா, அழுகாது, நீ கவலப்படாத" என்றார்.

"அந்த மூக்கச் சபிச்சிட்டேனே மைனி" என்று பிச்சம்மா கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழும்போதே சிரித்தாள்.

இப்படிப் போகவே, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அந்த வீடு காலியாகவில்லை. வழக்கமாகப் பதினேழாம் நாள்தான் துக்க வீட்டில் மிகப் பெரிய அமைதி வரும், பந்தல் பிரித்த குழிகள் மட்டும் வாசலில் இருக்கும். கோமுவின் வீட்டிலோ பூக் கட்டுகிறவர்கள் பூவோடு வந்து உட்கார்ந்தார்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் கூட்டத்தையே அங்கே மாற்றிக்கொண்டார்கள், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்ததால் வருகிறவர்கள் காய்கறியோடு வந்து நறுக்கினார்கள். ஒரு கல்யாணப் பேச்சுகூட அங்கே தொடங்கிவிட்டது, துக்க வீட்டில் பேசலாமா என்று ஒருவர் தயங்க, எல்லோரும் ஆணியைப் பார்த்தார்கள், தும்மல் இல்லை, பேசினார்கள். தெருமுனையில் நிற்கும் காலை எட்டுப் பத்து மணி பஸ்ஸுக்கு ஒரு நாள் ஆளே வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த டிரைவர் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத் திரும்ப, பலவேசம் தும்ம, டிரைவரைத் தேடி பஸ்ஸில் இருந்தவர்கள் வர, அவர்களும் மாட்டிக்கொள்ள, முன்பின் அவரைத் தெரியாத இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். தெரியாதவர்கள் தெரியாது என்று உண்மையைச் சொன்னதால் அவர்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்.

இவ்வளவு பேருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த கோமு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

அதுதான் தெருவுக்கு உறுத்தியது. பாட்டுக் கதைக்கு எல்லோரும் சிரித்தபோது அவள் டம்ளர்களை அலம்பினாள். பூனைக் கதையின்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய்க்குப் போனாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மகன் சுந்தரவேல், அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன், மில்லை இழுத்து மூடிவிடலாம் என்றான். அதற்கும் அவள் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் பெட்டி கட்டினான். இருபதாம் நாள் இரண்டு பேரும் வாசல் தாண்டப் போனார்கள், தும்மல் வந்தது, உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள், பஸ் போய்விட்டது. இருபத்தி நாலாம் நாளும் அப்படியே. இருபத்தி ஒன்பதாம் நாளும் அப்படியே.

"எம்மா, அப்பாவுக்கு நீ போறதுல இஷ்டமில்ல போல" என்றான் சுந்தரவேல்.

கோமு பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "அன்னைக்கும் அப்படித்தான்" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிச்சம்மாவுக்கு, செத்தவர்மேல் இவளுக்கு ஏதோ ஒரு கோபம் இருக்கிறது, அதைச் செத்த வீட்டில் சொல்லக் கூடாது என்று முழுங்கிக்கொண்டிருக்கிறாள், இந்தக் கோபத்தை அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பூருக்குக் கொண்டுபோனால் இவள் அங்கே பட்டுப்போய்விடுவாள் என்று தோன்றியது. அந்த ‘அன்னைக்கு’ எந்த நாள் என்று எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையில், சுந்தரவேல் நாலாவது தடவையாகப் பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். மரிய செபஸ்தியான் என்று பெயர். அந்த வழி பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் சேதி தெரிந்து வந்திருக்கிறார். பாயில் உட்கார்ந்தார், கையைக் கூப்பினார், "ஒருத்தரையும் எடுத்தெறிஞ்சு பேசத் தெரியாத மனுஷன்" என்றார், எழுந்தார்.

மூச்சு மேலே மேலே ஏறி, ஒரு கணம் நின்று, வெடித்தது.

முதல் தடவை கேட்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். செபஸ்தியான் திடுக்கிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆணிப் பக்கம் திரும்பி, வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏ, இதே தும்மல்தான்! இதே தும்மல்தான் தாயி! முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் வாங்குன ஒரே மெமோ இந்தத் தும்மலுக்குத்தான்!"

கோமு தண்ணீரை நீட்டினாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"அன்னைக்கு எட்டுப் பத்துக்கு வண்டி இங்க முக்குல நிக்கி. இவரு ஓடி வாராரு. 'அண்ணாச்சி, வண்டிய எடுத்திராதிய, எம்பொண்டாட்டி இண்டர்வியூவுக்குப் போணும்'ங்காரு. சரி, வரச் சொல்லுமேன்னேன். 'அவ கெளம்புத நேரம் நான் தும்மிட்டேன். ஒத்தயாப் போச்சு. இன்னொன்னு தும்மிட்டா ரெட்ட ஆயிரும், நல்ல சகுனமாயிரும், ஒரு நிமிசம்'ங்காரு."

கோமுவின் கையில் இருந்த செம்பு அசையாமல் நின்றது.

"நான் சொன்னேன், யோவ், பொண்டாட்டியக் கூப்பிட்டா வந்துருவாள்லா, என்னத்துக்கு மூக்கக் கூப்பிடுதேருன்னு. கேக்கல. 'அவ பத்தாவது படிச்சவ அண்ணாச்சி, அவளுக்கு அந்த வேல கெடைச்சிரும். மனசுல ஒரு முள்ளு இல்லாமப் போணும்'ங்காரு. சூரியனப் பாத்தாரு. துண்டுல நூலு உருவி மூக்குல விட்டாரு. மடியில மொளவாப் பொடி வச்சிருந்தாரு, அதையும் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினாரு தாயி! கண்ணுல தண்ணி ஊத்துது, மூக்கு செவந்து போச்சு, வண்டியில உள்ளவன் பூராம் எறங்கி நின்னு, 'வருது வருது, விட்டுராதீரும்'னு சத்தம் போடுதான். வர மாட்டேங்குது. பதினோரு நிமிசம் நின்னேன். அதுக்கு மேல நிக்க முடியல. வண்டி கெளம்பும்போது பக்கத்துலயே ஓடிவந்து, 'யார்ட்டயும் சொல்லிராதிய அண்ணாச்சி, வெக்கமா இருக்கு'ன்னாரு. இன்னைக்குத்தான் சொல்லுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கோமுவைப் பார்த்தார்கள்.

"எந்த வருசம்?" என்றாள் கோமு.

"தொண்ணூத்தாறு. ஆவணி மாசம். ஒரு பொதங்கெழம."

கோமு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் மஞ்சள் பாரித்த ஓர் அட்டை இருந்தது: சத்துணவு மைய அமைப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு, 4.9.1996, புதன்கிழமை, காலை பத்து மணி. அவள் அதைப் பிச்சம்மாவின் மடியில் போட்டாள். இருபத்தி எட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"நான் புதுச்சேல கட்டி நிக்கேன். தும்முதாவ. உக்காந்து தண்ணி குடிக்கேன். 'சரி கெளம்பு'ன்னு அவியதான் வந்து சொல்லணும்னு உக்காந்திருக்கேன். ஆளக் காணும். வண்டி போற சத்தம் கேக்கு. அதுக்குப் பெறவு கண்ணெல்லாம் செவந்து போயி வாராவ. மில்லுக்குப் போயிட்டு வாராவன்னு நெனச்சேன். நான் வேலைக்குப் போயிரக் கூடாதுன்னு வேணும்னே தும்முனாவன்னு நெனச்சேன் மைனி. ஒரு மாசம் மொகம் குடுத்துப் பேசல. பெறவு பேசினேன். ஆனா மனசுல அது கெடந்துது. இந்தா, செத்ததுக்கு அப்புறமும் வாசல்ல நின்னு மறிக்காவளேன்னு..."

அவள் நிறுத்தினாள். ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். பிறகு தெருவே கேட்கும்படி, உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் சொல்லாத விதமாக, "கூறு கெட்ட மனுஷா!" என்றாள். "மொளவாப் பொடிய உறிஞ்சினியளாக்கும்? 'கோமு, வா'ன்னு ஒரு சத்தம் குடுத்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா? தும்மலாவது, மண்ணாங்கட்டியாவது!"

சட்டைப் பையிலிருந்து மில் சாவியை எடுத்தாள். சுந்தரவேல் பெட்டியைத் தூக்கினான். "அதக் கீழ வையில" என்றாள். "திருப்பூருக்கு வாரதா வேண்டாமான்னு பெறவு யோசிச்சுச் சொல்லுதேன். தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் மொளவா காஞ்சு கெடக்கு. நான் மில்லுக்குக் கெளம்புதேன்."

வாசல்படியில் கால் வைத்தாள். தும்மல் வந்தது. பாத்திர மூடிகள் அதிர்ந்தன. பழக்கத்தில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள், பிச்சம்மா செம்பை எடுத்துவிட்டாள்.

கோமு உட்காரவில்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள்.

"உக்கார மாட்டேன்" என்றாள். "இன்னொன்னு தும்முங்க. அவசரமில்ல. நான் நிக்கேன்."

நின்றாள். தெரு நின்றது. குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் குழாயை மூடினார்கள். தெருமுனையில் எட்டுப் பத்து பஸ் வந்து நின்றது; கண்டக்டர் விசில் ஊத வாயைத் திறந்தார், கூட்டத்தைப் பார்த்தார், விசிலைச் சட்டைப் பையில் போட்டார். நாய் எந்தப் பக்கம் படுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தது. செபஸ்தியான் கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்து நிமிஷத்தை மட்டும் சொன்னார். மூன்று. ஐந்து. எட்டாவது நிமிஷத்தில் ஆணிப் பக்கம் ஒரு மூச்சு ஏறத் தொடங்கியது, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அது பாதியில் இறங்கிவிட்டது. "விட்டுராதிய அண்ணாச்சி!" என்று கத்தினாள் பிச்சம்மா. "மேல பாருங்க, சூரியனப் பாருங்க!" என்றார் பால்துரை சார். ஒன்பது. பத்து. கோமு தன் முந்தானை நுனியை விரல் தடிமனுக்குத் திரித்து, சட்டையைப் பார்த்து நீட்டி, "இந்தாங்க" என்றாள், ரொம்ப மெதுவாக.

பதினோராவது நிமிஷத்தில் மூச்சு ஏறியது. நிறைந்த வாளி மேலே மேலே வந்தது, வாளியில்லை, கிணறே மேலே வருவது போல வந்தது, உச்சியில் நின்றது, வெடித்தது. சட்டை ஆணியிலிருந்து கழன்று பறந்து கோமுவின் தோளில் விழுந்தது. அடுக்களையில் ஒரு மூடி உருண்டு உருண்டு வாசல்வரை வந்து, சுழன்று, படுத்தது. அதன் பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு "யப்பா".

மேலத்தெருவில் அப்படியொரு சத்தம் தேர் நிலைக்கு வரும்போதுகூடக் கேட்டதில்லை என்கிறாள் சண்முகக்கனி. பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். செபஸ்தியான் முன்பின் தெரியாத ஆட்களைக் கட்டிப்பிடித்தார். கோமு சட்டையைத் தோளில் போட்டபடியே தெருவில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மிளகாய்த் தூக்குகளும் மல்லித் தூக்குகளும் வந்தன. அவள் மில்லைத் திறந்து மோட்டாரைப் போட்டாள். ஒரு மாதத்து மிளகாய் ஒரே நாளில் அரைந்தது. தூசியில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றியது, எல்லோரும் தும்மினார்கள், அந்தக் கூட்டத்தில் கோமு முதல் தடவையாக வாய்விட்டு அழுதது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. மோட்டார் சத்தத்துக்கு உள்ளிருந்து, ராகம் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக, ஒரு பாட்டு கேட்டது. வெளியே நின்ற ஒருவரும், கேட்கிறது என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சுந்தரவேல் அடுத்த பஸ்ஸில் தனியாகத் திருப்பூர் போனான். அவன் கிளம்பும்போது ஒரு சத்தமும் இல்லை என்று சண்முகக்கனி சொல்கிறாள். இல்லை, தும்மல் இருந்தது, ஆனால் இரட்டை என்கிறாள் பிச்சம்மா. இதில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. கோமு வீட்டுக்கும் நான் போகவில்லை. போனால் என்ன சொல்லிவிட்டு எழுந்திருப்பது என்று பயமாக இருந்தது.

நான் போனது மரிய செபஸ்தியான் வீட்டுக்கு. கேட்டதும் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து, அந்த மெமோவையும், அதற்கு அவர் கொடுத்த விளக்கக் கடிதத்தின் கார்பன் நகலையும் எடுத்துக் காட்டினார். டிப்போவின் முத்திரை மங்கியிருந்தாலும் தேதியைப் படிக்க முடிந்தது. மெமோ 5.9.1996, விளக்கம் அதற்கு மறுநாள். கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. இரண்டு தடவை சரிபார்த்து எழுதிக்கொண்டேன்:

"ஐயா, 4.9.96 அன்று குருவிப்பட்டி நிறுத்தத்தில் வண்டி பதினோரு நிமிடம் தாமதமானது உண்மை. ஒருவருக்கு இரண்டாவது தும்மல் வருவதற்காகப் பயணிகள் அனைவரின் சம்மதத்தோடும் காத்திருந்தோம். வரவில்லை, ஆனால் வரும் என்று அவர் உறுதியாகச் சொன்னார்."